பழைய எஞ்சின்களை வரைய எங்கே போகலாம்: நான்கு இடங்கள், ஒரு ஒப்பீடு

பழைய இயந்திரங்களை வைத்து ஓர் ஓவியத் தொடரோ லினோகட் (லினோலியத் தகட்டைச் செதுக்கி மையிட்டு அச்செடுக்கும் முறை) தொடரோ செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் தேடுவது, இந்தியாவிலேயே பெரிய எஞ்சின் எங்கே நிற்கிறது, அபூர்வமான எஞ்சின் எங்கே நிற்கிறது என்பதைத்தான். அந்தத் தேடல் நேராக டெல்லிக்கு ரயில் ஏற்றிவிடும். இரண்டு நாள் சுற்றி, போன் நிறையப் படம் பிடித்து, அவசரமாகக் கிறுக்கிய நாலு பக்கங்களோடு திரும்புவீர்கள். தொடர் மட்டும் தொடங்கியிருக்காது.

சென்னையில் இருக்கும் ஒருவர் எங்கே போய் உட்கார்ந்து வரைவது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் நியூ ஆவடி சாலையில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம் (இனி சுருக்கமாக ஐ.சி.எஃப்.), பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம், டெல்லி சாணக்யபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகம், மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னமும் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் நீலகிரி மலை ரயில் ஆகிய நான்கும் கணக்கில் வருகின்றன. எங்கும் போகாமல் வீட்டிலிருந்தே போட்டோவைப் பார்த்து வரையும் வழியையும் கடைசியில் பேசுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் சில மாதங்களுக்கு ஐ.சி.எஃப். போதும். அடுத்து மேட்டுப்பாளையம். பெங்களூரு ஒரே ஒரு நாளைக்கான பாடம். டெல்லிக்குக் கடைசியாக, அதுவும் குறிப்பிட்ட ஒரு எஞ்சினை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

எஞ்சினில் எதைப் பார்க்க வேண்டும்

இந்த வரிசை ஏன் என்பதற்கு முதலில் எஞ்சினையே கொஞ்சம் பார்க்க வேண்டும். மரத்தையும் கட்டடத்தையும் வரைந்து பழகியவர்கள் எஞ்சின் முன்னால் வந்ததும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். எஞ்சினில் ஒவ்வொரு பாகமும் அடுத்த பாகத்தைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. சிலிண்டருக்குள் நீராவி பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனின் தண்டு வெளியே வந்து கிராஸ்ஹெட் என்ற கட்டையில் முடியும். கிராஸ்ஹெட் சட்டங்களைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் வழுக்கும். அங்கிருந்து கனமான கனெக்டிங் ராடு கிளம்பிப்போய், சக்கரத்தில் மையத்தை விட்டு விலகியிருக்கும் கிராங்க் பின்னைப் பிடிக்கும். நேர்கோட்டில் ஓடிய அசைவு அந்த இடத்தில் வட்டமாகிவிடுகிறது. மற்ற சக்கரங்களுக்கு அதைக் கொண்டுபோவது கப்ளிங் ராடு.

இந்த வழியை ஒருமுறை கண்ணால் நடந்துவிட்டால் கோடு உறுதியாகிவிடும். எந்தக் கோடு கனமாக இருக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது கைக்கே தெரியும். நடக்காமல் வரைந்தால், எத்தனை ஆணி, எத்தனை குழாய் வரைந்தாலும் படம் இரும்புக் குவியலாகவே நிற்கும்.

அதனால் 'ரொம்பப் பழையது' என்ற ஒரே தகுதியை நம்பி எஞ்சினைத் தேர்வு செய்யாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டரும், அதற்குள் நீராவியை விட்டு வெளியேற்றும் வால்வை இயக்கும் அமைப்பும் சட்டங்களுக்கு நடுவே, உள்பக்கம் ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சக்கரமும் அதன் மேல் மூடியும்தான் கிடைக்கும். வால்ஷர்ட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1844இல் கண்டுபிடித்த வால்வு அமைப்பு இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் பரவியது. அது சக்கரங்களின் வெளிப்பக்கமே தொங்கும். எல்லா ராடும் எல்லா மூட்டும் கண்முன் இருக்கும். நம் ஊரில் 1947 முதல் ஓடிய டபிள்யூ.பி. எஞ்சினையும், மூக்கில் பெரிய நட்சத்திரம் வரைந்திருக்குமே, அதன் மீட்டர் கேஜ் தம்பியான ஒய்.பி.யையும் வரைபவர்களுக்கு இந்த வசதி உண்டு. வயதில் இளைய எஞ்சின்கள்தான். ஆனால் பென்சிலுக்கு அள்ளிக் கொடுப்பவை.

நின்றுபோன எஞ்சினிலும் இந்த அசைவைப் படிக்கலாம். சைக்கிளில் இரண்டு பெடலும் நேரெதிராக இருக்கும். ரயில் எஞ்சினில் இரண்டு பக்க கிராங்க்குகளும் கால் சுற்று விலகியிருக்கும். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால், பிஸ்டன் கடைசி முனையில் நிற்கும்போது எஞ்சினை நகர்த்தவே முடியாமல் போய்விடலாம். ஒரு பக்கம் தள்ள முடியாத நிலையில் இருக்கும்போது மறுபக்கம் முழு பலத்தோடு தள்ளத்தான் இந்த ஏற்பாடு. எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் முதலில் இடப்பக்கம் நின்று ராடு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுற்றிப் போய் வலப்பக்கம் பாருங்கள். இங்கே ராடு அடிமட்டத்தில் தொங்கினால், அங்கே முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தில் கிராங்க் பின்னுக்கு எதிர்ப்புறம் பிறை வடிவத்தில் இரும்பு அடைத்திருப்பதையும் பார்க்கலாம். ராடுகளின் எடையைச் சமன்செய்யும் பாரம் அது. அந்தப் பிறை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் போட்டுவிட்டால் சக்கரம் சுழன்று நின்ற சக்கரமாகத் தெரியும். மாற்றிப் போட்டால், எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குக்கூட ஏதோ உறுத்தும்.

ஐ.சி.எஃப்.: பக்கத்தில் இருப்பதன் பலம்

2002இல் திறந்த சென்னை ரயில் அருங்காட்சியகத்தில் பெரிய பொருட்கள் திறந்தவெளியில்தான் நிற்கின்றன. மலை ரயிலின் பழைய பெட்டிகள், எஞ்சின்கள், உள்ளே மாதிரிகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. நான் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுகிறேன். லீட்ஸ் நகரத்து ஜான் ஃபவுலர் கம்பெனி 1895இல் செய்த நீராவி உழவு எஞ்சின் அது.

தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் இதை ரோடு ரோலர் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். அருகில் போய்க் குனிந்து கொதிகலனின் வயிற்றுக்குக் கீழே பாருங்கள். இந்த வகை எஞ்சினின் அடையாளமே அங்கே படுக்கை வாட்டில் இருக்கும் பெரிய உருளைதான். இரும்புக் கயிற்றைச் சுற்றுவதற்கானது அது. இப்படிப்பட்ட எஞ்சின்கள் வழக்கமாக ஜோடியாக வேலை செய்தன. வயலின் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று நிற்கும். நடுவில் ஏர். ஒன்று கயிற்றை இழுத்துச் சுற்றும்போது ஏர் அதன் பக்கம் உழுதுகொண்டு போகும். பிறகு மற்றது இழுக்கும். எஞ்சின் வயலுக்குள் இறங்குவதே இல்லை. இறங்கினால் அதன் எடைக்கு மண் இறுகிவிடும், உழுவதன் பயனே போய்விடும்.

இதைத் தெரிந்துகொண்டபின் படத்தின் மையம் மாறிவிடுகிறது. முன்பு புகைபோக்கியும் பெரிய பின்சக்கரமும்தான் கண்ணை இழுக்கும். இப்போது கொதிகலனின் மேலே இருக்கும் சிலிண்டரிலிருந்து தொடங்கி, கிராங்க் தண்டுக்கு வந்து, அங்கிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டு வழியாகப் பற்சக்கரங்களைத் தாண்டி, வயிற்றுக்குக் கீழே உருளையில் முடியும் ஒரு பயணம் தெரியும். மேலிருந்து கீழே இறங்கும் அந்த விசைதான் படத்தின் முதுகெலும்பு. லினோகட்டுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம். உருளை இருக்கும் இடம் முழுக்க நிழல். அதைத் தட்டையான கறுப்பாக விட்டுவிட்டு, உருளையின் விளிம்பில் விழும் ஒற்றை ஒளிக்கோட்டை மட்டும் செதுக்கி எடுத்தால் போதும்.

இவ்வளவும் ஒரே பார்வையில் கிடைக்காது. முதல் முறை புகைபோக்கியை வரைவீர்கள், எல்லோரும் அப்படித்தான். உருளையைக் கண்டுபிடிக்கவே இன்னொரு நாள் ஆகும். சென்னையின் பலம் இதில்தான் இருக்கிறது. மெட்ரோவோ பஸ்ஸோ பிடித்துப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அடுத்த வாரமும் போகலாம்.

அடோல்ஃப் மென்ஸல் என்ற ஜெர்மன் ஓவியர் 1872இல் சைலீசியாவின் கோனிக்ஸ்ஹுட்டே இரும்பாலைக்குப் போனார். இன்று அந்த ஊர் போலந்தில் ஹோஜூஃப். வாரக்கணக்கில் அங்கே தங்கி நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள் எடுத்தார். பற்றுகுறடு எப்படிப் பிடிக்கிறார்கள், உருளைகளுக்கு நடுவே பழுத்த இரும்பு எப்படி நுழைகிறது, தொழிலாளி எப்படிக் கழுத்தைத் துடைக்கிறார் என்று தனித்தனித் தாள்கள். பிறகுதான் பெரிய ஓவியம். அது முடிந்தது 1875இல். இன்று பெர்லினில் பழைய தேசியக் கலைக்கூடத்தில் தொங்கும் அந்த 'இரும்பு உருட்டாலை' ஓவியத்தில், எந்திரத்தின் எந்த மூலையும் ஊகித்து வரைந்ததாகத் தெரியாது. எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் ஒரே இடத்துக்கு முன்னால் கிடையாய்க் கிடந்தால்தான் இது வரும் என்று நான் நம்புகிறேன். நமக்கு அந்த இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். திறந்தவெளி என்பதால் வெயில் பெரிய தடை. பத்து மணிக்கு ஓர் ஓரத்தில் இருந்த நிழல் பன்னிரண்டு மணிக்கு வேறெங்கோ போயிருக்கும். அதனால் நிழலை முதல் கால் மணி நேரத்திலேயே குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அதை மாற்றவே கூடாது. சித்திரை, வைகாசியில் மதியம் உட்காருவது உடம்புக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தை காலைகள்தான் பொன்னான நேரம்.

இன்னொரு குறை இந்த இடத்துக்கு மட்டும் உரியதல்ல, நிறுத்திவைத்த எஞ்சின்கள் பலவற்றுக்கும் பொது. துருப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது எனாமல் பெயின்ட் அடிக்கிறார்கள். பூச்சு மேல் பூச்சாக ஏறி, கூர்மையாக இருந்த விளிம்புகள் மழுங்கிவிடும். இரும்பு, பித்தளை, செம்பு எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அழுத்தமானி, விசில் மாதிரியான பித்தளைச் சாமான்கள் பல எஞ்சின்களில் இருக்காது. உலோகத்தின் வெவ்வேறு மினுமினுப்பைத் தேடிப் போகும் வாட்டர் கலர்காரர்களுக்கு இது ஏமாற்றம்தான். கோட்டையும் வடிவத்தையும் தேடுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. சொல்லப்போனால், ஒரே நிறத்தில் இருப்பது வடிவத்தைப் பார்க்க உதவுகிறது.

பெங்களூரு: வெட்டிக் காட்டிய எஞ்சின்கள்

1962இல் ஜவஹர்லால் நேரு திறந்துவைத்த கட்டடம் இது. விஸ்வேஸ்வரய்யா பெயரில் இருக்கும் இந்த அருங்காட்சியகம் முதன்மையாக அறிவியல் கற்றுக்கொடுக்கும் இடம். எஞ்சின்களுக்கென்றே ஒரு கூடம் உண்டு. கூரைக்குக் கீழே இருப்பதால் நிழல் ஓடாது, மழை தொடாது. உடலை வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டும் எஞ்சின்களும், இயங்கிக் காட்டும் மாதிரிகளும் இருப்பது இதன் தனிப்பலம். வால்வு எந்த நேரத்தில் திறக்கிறது, பிஸ்டன் அப்போது எங்கே இருக்கிறது என்பதை இங்கே கண்ணால் பார்த்துவிட்டால், ஐ.சி.எஃப். திரும்பி வந்து மூடிய சிலிண்டரை வரையும்போதும் உள்ளே நடப்பது தெரிந்தே வரைவீர்கள்.

ஆனால் வரைவதற்கான பொருளாக இவை எனக்குப் பிடிப்பதில்லை. வெட்டிய முகங்களில் பாடப்புத்தக நிறங்கள் பூசியிருக்கும். பார்த்ததை வரைந்தால் பாடப்புத்தகப் படமே வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். வர வேண்டியவர்கள்தான், இடம் அவர்களுக்கானதுதான். உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வரைய மட்டும் தோதுப்படாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தின் முழு அளவு மாதிரி இங்கே இருக்கிறது. அசல் விமானத்தில் ஒரே எஞ்சின்தான் இரண்டு விசிறிகளைச் சுழற்றியது. எஞ்சினிலிருந்து சங்கிலிகள் போகும். அதில் ஒரு சங்கிலியை எட்டு வடிவில் குறுக்காகப் போட்டிருந்தார்கள், இரண்டு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதற்காக. சைக்கிள் கடைக்காரர்களின் கை அதில் அப்படியே தெரிகிறது. மரச்சட்டம், துணி, கம்பி, சங்கிலி என்று நீராவி எஞ்சினுக்கு முற்றிலும் எதிரான எடையற்ற இயந்திரம் அது. கனமான கறுப்பு எஞ்சின்களாகவே வரைந்து கை இறுகிப்போனவர்களுக்கு அதன் முன் ஒரு மணி நேரம் நல்ல மருந்து.

டெல்லி: ஒரே ஒரு எஞ்சினுக்காக

1977இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சென்னையோடு ஒப்பிடவே முடியாது. வங்காள நாக்பூர் ரயில்வேயின் காரட் எஞ்சின் ஒன்று அங்கே நிற்கிறது. மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி செய்தது. முன்னால் ஒரு சக்கரத் தொகுதி, பின்னால் ஒரு சக்கரத் தொகுதி, நடுவில் கொதிகலன் பாலம்போல் தொங்கும். இதை வரைவதென்றால் நீளவாட்டில் மடித்து விரியும் ஸ்கெட்ச் புக்தான் சரி.

ஆனால் நான் டெல்லிக்குப் போகச் சொல்வது பாட்டியாலா சமஸ்தானத்தின் மோனோரயிலுக்காக. 1907இல் தொடங்கியது அந்த ரயில். எஞ்சினை ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கொப்பல் கம்பெனி செய்தது. தரையில் ஒரே தண்டவாளம். எஞ்சினின் நடுவே வரிசையாக மூன்று சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும். சாய்ந்துவிடாமல் இருக்க, ஒரு பக்கம் மட்டும் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று சாதாரண சாலையில் உருண்டுகொண்டு வரும். எடையில் பெரும்பங்கு தண்டவாளத்தின் மேல், சிறு பங்குதான் அந்தப் பக்கச் சக்கரத்தின் மேல்.

ஓவியருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், சமச்சீர் உடைந்துவிடுகிறது. எல்லா ரயில் எஞ்சினையும் முன்னாலிருந்து பார்த்தால் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும், அதனால் முன்முகப் படம் சலிப்பாக முடியும். இதை முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கை நீட்டி நிற்கும் உருவம் ஒன்று கிடைக்கிறது. நடுவில் தண்டவாளத்தில் இறங்கும் பாரம் ஒன்று, ஓரத்தில் மெல்லத் தொடும் தாங்கல் ஒன்று. உழவு எஞ்சினை மாதக்கணக்கில் வரைந்த ஒருவர் இதன் முன் போய் உட்கார்ந்தால் ஒரே நாளில் பிடித்துவிடுவார், விசை எங்கே போகிறது என்று பார்க்கும் பழக்கம் வந்திருக்கும். அந்தப் பழக்கம் இல்லாமல் போனால், அங்கே இருக்கும் ஏராளமான எஞ்சின்களே எதிரி. ஒன்றின் முன் உட்கார்ந்தால் அடுத்தது கூப்பிடும். பொறுக்கி எடுக்கத் தெரியாத கட்டத்தில் பெரிய சேகரிப்பு கையைக் கட்டிப்போடும்.

சென்னைவாசிகளுக்கு ஒரு செய்தி. டெல்லி சேகரிப்பின் புகழ்பெற்ற 'ஃபேரி குவீன்' எஞ்சினுக்காகப் போவதென்றால் விசாரித்துவிட்டுப் போங்கள், அதை ஹரியானாவின் ரேவாரி எஞ்சின் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். அதே 1855ஆம் ஆண்டு, அதே லீட்ஸ் ஊரில் செய்த அதன் சகோதரி, கிழக்கிந்திய ரயில்வேயின் இ.ஐ.ஆர். 21 'எக்ஸ்பிரஸ்', 2010இல் பெரம்பூர் எஞ்சின் பணிமனையில் மறுபடி உயிர்பெற்று, சென்னைப் பக்கமே பாரம்பரிய ஓட்டங்களில் ஓடியிருக்கிறது. அப்படி ஒரு ஓட்டம் அறிவித்தால் ஸ்கெட்ச் புக்கோடு போய் நில்லுங்கள்.

மேட்டுப்பாளையம்: ஓடும் எஞ்சின்

மற்ற மூன்றிலும் எஞ்சின் பெரும்பாலும் செத்துக் கிடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் இன்றும் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மலை ஏறுகிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதைக்கு 2005இல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு வருகிறது. வெறும் சக்கரம் அங்கே வழுக்கும். அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் ஓடுகிறது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை அது. எஞ்சினின் அடியில் இருக்கும் பற்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்து ஏறும்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914 முதல் செய்த எக்ஸ் வகை எஞ்சின்களையும், பின்னால் நம் திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வடிவில் செய்தவற்றையும் வரைபவருக்கு வேறெங்கும் கிடைக்காத காட்சி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்று. கீழே இருப்பதற்கு முதலில் நீராவி போகிறது. அது தண்டவாளச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே வேலை முடித்து வரும் நீராவி மேலே இருப்பதற்குள் போய், பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சமதளத்தில் கீழ் ராடு மட்டும் ஆடும். பல்சட்டம் தொடங்கியதும் மேல் ராடும் சேர்ந்துகொள்ளும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பார்க்கலாம், வரைவது வேறு விஷயம். ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு எஞ்சின் தெரியாது, அது பின்னால் இருக்கிறது. காலையில் மேட்டுப்பாளையம் நிலையத்தில் புறப்படும் முன் கிடைக்கும் நேரம், வழியில் ஹில்குரோவ் போன்ற இடத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும் சில நிமிடங்கள், குன்னூரில் எஞ்சினைக் கழற்றும் நேரம், இவ்வளவுதான் கையில். குன்னூர் கொட்டகைக்குள் போக ரயில்வேயின் முன்அனுமதி வேண்டும். சீட்டு கிடைப்பதும் சுலபமில்லை.

அதனால் அங்கே பாகங்களை வரைய முயலாதீர்கள். பாகங்களை ஐ.சி.எஃப்.பில் கற்றுக்கொண்டு, இங்கே நிற்கும் எஞ்சினில் இல்லாததை மட்டும் எடுங்கள்: நீராவி எந்தப் பக்கம் போகிறது, எதை மறைக்கிறது, ஈரமான இரும்பில் மலை வெளிச்சம் எப்படி விழுகிறது, ஆயில் கேனோடு சுற்றிவரும் ஊழியரின் முதுகு எவ்வளவு வளைகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1877இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்தைப் பன்னிரண்டு முறை வரைந்தார். அந்தப் படங்களில் எஞ்சினின் ஒரு ராடைக்கூடச் சரிபார்க்க முடியாது. ஆனால் நீராவி கூரைக்குக் கீழே நீலமாகி, வெளியே வெயிலில் வெள்ளையாவதை அவற்றைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மேட்டுப்பாளையத்துக்குக் கரித்துண்டோ மெழுகு க்ரேயானோ கொண்டுபோவது நல்லது. கூர்மையான பேனா அங்கே உதவாது.

வீட்டிலிருந்தே, போட்டோவைப் பார்த்து?

போட்டோ தப்பு என்று சொல்லமாட்டேன். சார்ல்ஸ் ஷீலர் என்ற அமெரிக்க ஓவியர் 1939இல் வரைந்த எஞ்சின் சக்கரங்களின் படம் அவர் எடுத்த போட்டோக்களிலிருந்தே பிறந்தது. முழு எஞ்சினைத் தவிர்த்து, சக்கரங்களும் ராடுகளும் மட்டும் நிறைந்த ஒரு நீளத் துண்டு அது. அந்தத் துண்டை எங்கே வெட்டி எடுப்பது என்பதில்தான் அவருடைய திறமை எல்லாம் இருந்தது. அவர் போட்டோகிராஃபரும்கூட. லென்ஸ் என்ன செய்யும் என்று தெரிந்தவர்.

நம் கையில் இருக்கும் போன் லென்ஸ் அகலக்கோணம். எஞ்சினுக்கு அருகில் நின்று எடுத்தால் பக்கத்துச் சக்கரம் உப்பியும் தூரத்துச் சக்கரம் சுருங்கியும் வரும். அதைப் பார்த்து வரைந்த படத்தில் அந்த உப்பல் அப்படியே இறங்கும். எண் பலகை, எழுத்து, ஆணி வரிசையின் இடைவெளி ஆகியவற்றை ஞாபகம் வைத்துக்கொள்ள மட்டும் போட்டோ எடுங்கள். நேரில் வரைய முடியாத உடல்நிலை இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: தூரத்தில் நின்று, ஜூம் பண்ணி எடுத்த படத்தை வைத்து வரைந்தால் இந்தக் கோளாறு பெருமளவு குறையும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பெரும்பாலான அருங்காட்சியகங்களில் பென்சிலுக்கு மறுப்பு இருக்காது. தண்ணீர், மை, ஈசல், முக்காலி என்று வரும்போது நுழைவாயிலில் கேட்டுவிடுவதே மரியாதை.

பென்சிலா பேனாவா என்றால், முதல் சில வருகைகளுக்கு 2பி பென்சில். காரணம் சக்கரம். நேர் எதிரே நிற்காமல் சாய்வான கோணத்திலிருந்து பார்க்கும் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அதை எல்லோரும் சாய்த்துப் போட்டுவிடுகிறார்கள். முதலில் அச்சுத்தண்டின் திசையை ஒரு கோடாகப் போடுங்கள், சக்கரத்தைத் தாண்டி நீட்டியே போடுங்கள். நீள்வட்டத்தின் குறுகிய அகலம் அந்தக் கோட்டின் மேலேயே படுத்திருக்க வேண்டும். நீண்ட அகலம் அதற்குச் செங்குத்தாக. இவ்வளவுதான் விதி. ஐந்து சக்கரம் இருந்தாலும் இதே விதி, தூரம் போகப்போக நீள்வட்டத்தின் அகலம் மட்டும் மாறும். இந்தக் கோடுகளை அழிக்காமல் விட்டுவைத்த பக்கங்கள் பின்னால் பெரிய படம் செய்யும்போது அத்தனை உதவும்.

சக்கரம் கைவசமானதும் பேனாவுக்கு மாறலாம். ரப்பர் இல்லை என்று தெரிந்தால் கண் கூடுதலாகப் பார்க்கும். லினோகட் செய்பவர்கள் பிரஷ் பேனாவை எடுத்துக்கொள்வது நல்லது. கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே முடிவுகளை அங்கேயே எடுத்துவிட்டால் வீட்டில் லினோ முன்னால் யோசிக்க வேண்டியிருக்காது. கறுப்பு எஞ்சினைக் கறுப்பாகவே தீட்டினால் வடிவம் செத்துவிடும். சாம்பல் நிறத் தாளில் வெள்ளைப் பென்சிலால் ஒளி விழும் இடங்களை மட்டும் தொட்டுப் பாருங்கள். ஆணிகளில் வரிசையின் தொடக்கத்தில் மூன்று, முடிவில் இரண்டு போதும்.

யார் எங்கே தொடங்குவது

நான் சொன்ன வரிசை சென்னைக்காரருக்கானது. கோயம்புத்தூரில் இருப்பவர் இதைத் திருப்பிக்கொள்ளலாம். மேட்டுப்பாளையம் அவருக்குப் பக்கம். நிலையத்திலேயே மலை ரயிலுக்கான சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, ஓடும் எஞ்சினும் தினமும் காலையில் புறப்படுகிறது. அடிக்கடி போக முடிகிறவருக்குச் சில நிமிட ஓவியங்களே சேர்ந்து பெரிய சேமிப்பாகிவிடும். திருச்சிக்காரர்களுக்கு ஜங்ஷன் அருகிலேயே ரயில்வே அருங்காட்சியகம் உண்டு. பொன்மலையின் ஊரில் இருந்துகொண்டு டெல்லிக்கு டிக்கெட் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கல்லூரி இறுதியாண்டுக்குள் தொடரை முடிக்க வேண்டிய மாணவராக இருந்தால், நாலு இடத்தையும் தொட ஆசைப்படாதீர்கள். ஐ.சி.எஃப்.பில் ஒரே எஞ்சினை எடுத்து, சிலிண்டருக்கு ஒரு படம், ராடுக்கு ஒரு படம், உருளைக்கு ஒரு படம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்காகவே வரைபவர் என்றால் மட்டும் மேட்டுப்பாளையத்தில் நேரடியாகத் தொடங்கலாம், பெயின்ட் அடித்து நிறுத்திய எஞ்சினில் உங்களுக்கு வேண்டியது கிடைக்காது.

ஐ.சி.எஃப். போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிருங்கள், அன்று விடுமுறை. சனி, ஞாயிறில் கூட்டம் அதிகம். செவ்வாயோ புதனோ காலையில் திறந்ததும் போய், உழவு எஞ்சினின் உருளை தெரியும் பக்கமாக, முடிந்தவரை தாழ்வான இடத்தில் உட்காருங்கள். நாற்காலி உயரத்திலிருந்து பார்த்தால் கொதிகலன் அதை மறைத்துவிடும்.